நாய் கடித்தது ஆட்டைத்தானே

வில்லியனூர்
ஞாயிறு

அன்பு மகள் ஃபர்ஹீனுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நான் சுகம், உன் அத்தா அவர் வாயால் சொல்கிறபடிக்குச் சுகம், அவருடைய ஆடு மட்டும் மவுத்தாகிவிட்டது. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் இதையெல்லாம் பேச முடியவில்லை, வீடியோவில் உன் முகம் தெரிந்ததும் அவரே முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு “எல்லாம் சரியா பூடுச்சிம்மா” என்று பல்லைக் காட்டுகிறார், அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

பக்ரீத்துக்கென்று அபிஷேகப்பாக்கத்திலிருந்து அந்தக் கிடாவைக் கொண்டுவந்த நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் படவில்லை. கடைக்கு வருகிறவர்களையெல்லாம் பின்பக்கம் கூட்டிப்போய்க் கொம்பைப் பார், பல்லைப் பார் என்று ஒரே பெருமை. குர்பானி ஆட்டில் குறை இருக்கக் கூடாதுதான், அதைச் சாக்காக வைத்து, எனக்கு ஒரு டம்ளர் பால் கூட வாங்க யோசிக்கிற மனுஷர் ஆட்டுக்கு வேர்க்கடலை வாங்கிப் போட்டார். ஸ்டேஷன் பக்கம் கோழிக்கழிவு தின்று திரிகிற நாய் ஒன்று அதன் பின்னங்காலைக் கடித்திருக்கிறது, இவர் மஞ்சளைப் பூசிவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஊரார் குறை ஆடு என்று சொல்லிவிடுவார்களாம். கட்டின பெண்டாட்டி எனக்கே ஆடு செத்த பிறகுதான் சொன்னார்.

சில வாரம் கழித்து ஆடு குரல் கம்மிக் கத்த ஆரம்பித்தது, வாயில் எச்சில் வடிந்தது, சுவரைப் போய் முட்டியது. வந்தானே என் தம்பி, உன் ஷேக் ஃபரீத் மாமா. அவன் விற்பது மொபைல் கவர், ஆனால் ஆடு, அரசியல், ஆபரேஷன் எதைக் கேட்டாலும் அவனிடம் வைத்தியம் இருக்கும். “பிளாஸ்டிக் கவரு தொண்டையில சிக்கிகினு கீது மச்சான், கைய வுட்டு எடுத்தா சரியா பூடும்” என்று தாடையைப் பிளந்து பிடித்துக்கொண்டான், உன் அத்தா முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். கவரும் இல்லை ஒன்றும் இல்லை, கடைவாய்ப் பல் கிழித்து விரல் முட்டியில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். மறுநாள் ஆடு போய்விட்டது. மாட்டு டாக்டர் அரிகரன் வந்து பார்த்து, தோலை உரிக்காதீர்கள் என்று சொல்லித் தலையைச் சோதனைக்கு அனுப்பினார், அவருக்கு அப்போதே சந்தேகம். கையைச் சோப்புப் போட்டுக் குழாயடியில் வெகுநேரம் கழுவ வைத்து, தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய் முதல் ஊசியும், காயத்தைச் சுற்றிப் போடுகிற ஊசியும் போட வைத்தார். சோதனையில் வெறிநாய் நோய் என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகுதான் கூத்து. அடுத்த ஊசிக்குப் போனவரை வரிசையில் யாரோ தெரிந்தவர் “எந்த நாயி பாய்?” என்று கேட்டாராம். ஆடு என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு துரை திரும்பி வந்துவிட்டார். கேட்டால் “நாயி கடிச்சது ஆட்டத்தான, ஊசி எனக்கு இன்னாத்துக்கு” என்கிறார். செத்தாலும் பரவாயில்லை, ஊர் சிரிக்கக் கூடாது, இதுதான் உன் அத்தாவின் வீரம்.

லேபில் கிருமிகளைப் பற்றிப் படிக்கிற நீயும்தான் அன்றைக்கு வீடியோவில் படம் வரைந்து காட்டினாய். அந்தக் கிருமி கதவை உடைத்துக்கொண்டு வராதாம், நரம்பு முனை எதைத் தெரிந்தவர் என்று நம்புமோ அந்தச் சாயலில் மேலெல்லாம் முள்ளை வைத்துக்கொண்டு வந்து ஒட்டுமாம், நரம்பே அதை ஒரு பையில் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்ளுமாம், உள்ளே பை புளித்ததும் கிருமி மேல்தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு மூளைக்குப் போய் நம் உடம்பைக் கொண்டே தன்னைப் போல ஆயிரம் செய்துகொள்ளுமாம். ஊசியால் வருகிற காவல் அதை நரம்புக்கு வெளியிலேயே மடக்கினால்தான் உண்டு, மூளைக்கு ஏறிவிட்டால் எந்த டாக்டராலும் ஆகாது என்றாய். ராத்திரி கடைப் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிற மனுஷர் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, போனை வைத்ததும் “அம்மாஞ் சின்னது என்னிய இன்னா பண்ணிடும்” என்றார். நீயும் அந்தக் கிருமியைத் தோட்டா மாதிரி ரோஸ் கலரில் அழகாக வரைந்து காட்டினால் யாருக்குப் பயம் வரும், படித்த லட்சணம்!

அதனால் நான் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஜும்ஆ முடிந்ததும் மைக்கில், உதுமான் பாய் வீட்டு ஆட்டின் வாயில், எச்சிலில் கை வைத்தவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அறிவித்தார். முதல் ஆளாக ஓடியது யார் தெரியுமா, உன் மாமாதான். கட்டை விரலில் கத்தரிக்கோல் கிழித்த காயத்தோடு தாடையைப் பிடித்திருக்கிறான், அதுவரைக்கும் மூச்சுவிடவில்லை. ஆட்டுக்கு இலை ஊட்டின தெருப் பிள்ளைகளும் இரண்டு பேர் போனார்கள். மறைக்க இனி ஒன்றும் இல்லாததால் உன் அத்தாவும் போய் விட்ட ஊசியைப் போட்டுக்கொண்டார். மானத்தை வாங்கிவிட்டாய் என்று சொன்னவர்தான், அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. பேச வேண்டாம். ஊமை புருஷனோடும் நான் குடித்தனம் பண்ணுவேன், அவர் இல்லாமல் எனக்கு முடியாது.

டாக்டர் பயப்பட வேண்டாம், மீதியையும் விடாமல் போட்டுவிடுங்கள் என்கிறார். ஆனாலும் நடுவில் விட்ட நாள் என் நெஞ்சில் உறுத்துகிறது. நோய் முற்றினால் தண்ணீரைக் கண்டதுமே தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று எனக்கு மட்டும் எழுதி அனுப்பினாயே, அதிலிருந்து வேளாவேளைக்கு நானே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் விழுங்குகிற வரைக்கும் பக்கத்தில் நிற்கிறேன். சமாதானத்துக்கு வந்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நினைக்கட்டும்.

உன் ஆயுசையும் ஈமானையும் அல்லாஹ் காப்பானாக. லேபில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. நீ போன் பண்ணும்போது ஊசியைப் பற்றிக் கேட்காதே, கேட்டால் பொய் சொல்லுவார். தண்ணி குடிச்சீங்களா அத்தா என்று மட்டும் கேள். எதற்கென்று சொல்லாதே.

இப்படிக்கு
உன் அம்மா
தாஜ் நிஷா