தேவகி அக்கா கொடுத்த நற்சான்று

12 ஜனவரி 2009
எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் சாந்தகுமார் சாருக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. உத்தியோகஸ்தர்கள் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்ளும் தளம். இன்று எழுதியிருக்கிறார்: ‘ரைட்சைஸிங் பயணத்தை வழிநடத்தக் கிடைத்த வாய்ப்பைப் பணிவோடு ஏற்கிறேன்.’ தையல் பிரிவில் அறுபது பேரை நிறுத்தியதைச் சொல்கிறார். ஷூ கம்பெனி அல்லவா, செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டியிருக்கிறார். பொங்கல் இனாமும் மிச்சம்.

அந்த அறுபதில் சூப்பர்வைசர் தேவகி அக்காவும் ஒருவர். பதினோரு வருஷ சர்வீஸ்.

19 ஜனவரி
அக்கா அனுபவச் சான்றிதழ் கேட்டு வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால் வாணியம்பாடியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. தருகிறேன் என்றார் சார். அதற்கு முன் அவருடைய இன்டர்நெட் பக்கத்தில் அக்கா ஒரு நற்சான்று எழுத வேண்டுமாம். “வெளிய போறவங்க பாராட்டுனாத்தாம்மா வெயிட்டு.”

சான்றிதழ் டைப் அடிக்கும் என் மேஜைக்கு அக்கா வந்தார்.

“இன்னா எலியாஸு, வேலைய விட்டுத் தூக்குனவருக்கு நான் சர்டிபிகேட் குடுக்கணுமா?”

“ஆமாக்கா.”

“எனக்கு ஈமெயிலே கெடையாது.”

“நான் போட்டுத் தர்றேன்.”

“நல்லா ஜாஸ்தியாவே எழுது. வேல வோணும்.”

20 ஜனவரி
எழுதினேன். ‘மனிதநேயத் தலைமை. வேலை போன அன்றுதான் நான் வளர்ந்தேன்.’ சார் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: “வளர்ந்தேன் வேணாம்ப்பா. டிரான்ஸ்ஃபார்ம் ஆனேன்னு போடு.”

சான்றிதழில் கையெழுத்து விழுந்தது.

23 ஜனவரி
அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

6 ஏப்ரல்
சாருக்குப் பிரிவு உபசாரம். வாணியம்பாடி முதலாளி மக்பூல் அகமது அந்த நற்சான்றைப் படித்துவிட்டு, “நிறுத்துன பொம்பளையே இப்டி புகழ்றாங்கன்னா, சத்தமில்லாம ஆள் குறைப்பீங்க போல” என்று வேலைக்குக் கூப்பிட்டாராம். கேக் வெட்டும்போது சாரே பெருமையாகச் சொன்னார். அக்கா இருக்கும் அதே கம்பெனி.

எனக்குக் கேக் இறங்கவில்லை. மீதி வைக்கவும் இல்லை.

2 ஜூன்
அக்கா போன் செய்தார். அங்கும் ஆட்குறைப்பு. முதல் பெயர் அவருடையது.

“‘உனக்குத்தாம்மா இதுல அனுபவம், நீ தாங்கிப்ப’ன்றாரு நம்ம சாரு, தம்பி.”

“சான்றிதழ்?”

“மறுபடியும் புகழணுமாம். வோணாம்பா. அதக் காட்டி எங்க சேந்தாலும் பின்னாடியே வர்றாரு.”

9 ஜூன்
பேரணாம்பட்டில் ஒரு கம்பெனியில், முன் அனுபவம் இல்லை என்று சொல்லி, அக்கா ஹெல்பராகச் சேர்ந்திருக்கிறார். நூல் கத்தரிக்கக் கற்றுத் தருகிறார்களாம்.