அப்டேட்டும் குமார் அண்ணன் கையும்

ஆடி, மூணாவது வெள்ளி. சத்தியவேடு.

தாளம் போடற சீக்வென்சர் பெட்டிக்கு அப்டேட் வந்து நேத்துதான் ஏத்தினேன். அதுக்கு முன்னாடி, ஒரு தாளம் அடுத்த தாளத்துக்கு மாறும்போது பெட்டி கண் சிமிட்டுற நேரம் நின்னுட்டுப் போவும். அதைச் சரிபண்ணச் சொல்லி, செஞ்ச கம்பெனிக்கு நாலு மாசமா எழுதிக்கினு இருந்தேன். இப்ப நிக்கறதே இல்ல.

இன்னிக்குத் திருவிழாவுக்கு ஒத்திகை. பம்பை அடிக்கிற குமார் அண்ணன் தாளம் மாறுற இடத்துல எல்லாம் பிந்திட்டாரு. மூணு தடவை அப்படியே ஆச்சு.

"பெட்டி சரியா கீதா?"ன்னு கேட்டாரு.

"இப்பதாண்ணா சரியா கீது"ன்னேன். பெருமையா வேற சொன்னேன்.

அவரு குச்சியைக் கீழ வெச்சாரு. "அப்ப என் கைதான் போயிடுச்சு. வேற ஆளைப் பாத்துக்கோப்பா."

வீட்டுக்கு வந்து போன மாச ரெக்கார்டிங்கைக் கேட்டேன். பெட்டி நின்ன ஒவ்வொரு இடத்துலயும் அவரு ஒரு அடியைச் சேத்துப் போட்டு அந்த இடைவெளியை மூடியிருக்காரு. என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.

காலையில என் ஃபேக்டரி பஸ் வர்றதுக்குள்ள அவரு வீட்டுக்குப் போவணும். மாறினது பெட்டிதான், கை இல்லன்னு சொல்லணும்.

பழைய வெர்ஷனையே திரும்ப ஏத்திட்டேன். பெட்டி நின்னா நிக்கட்டும்.