ரிஜிஸ்டரில் ஒன்று

மே 5, திங்கள்

ஏழு மணிக்கே வெயில். பசுமலை பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. குடையை வேறு மறந்தாயிற்று.

ஆஸ்பத்திரியில் இந்த வாரம் ஒரே வேலை. எக்ஸ்ரே எடுத்த குழந்தைகள் உடம்பில் எவ்வளவு கதிர் ஏறியது என்று கணக்கிட்டு, கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். ரிஜிஸ்டரைத் திறந்தால் மூன்று வயதுக்கும் முப்பது வயதுக்கும் ஒரே அளவு! டெக்னீஷியன் முருகேசன் அண்ணனிடம் கேட்டேன்.

"மெஷின்ல என்ன அளவு வச்சீகன்னு பார்த்து எழுதலையாண்ணே?"

"சுவத்துல சார்ட் ஒட்டியிருக்குல்ல மேடம், அதைப் பார்த்துதேன் எழுதுவோம். படம் பளிச்சுன்னு வருதுல்ல?"

வரும். பழைய ஃபிலிமாக இருந்தால் கதிர் கூடியதும் கறுத்துப்போய்க் காட்டிக்கொடுக்கும். இந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு கொட்டினாலும் அழகாக்கித் தந்துவிடும். எரிச்சல்.

மே 6, செவ்வாய்

கம்ப்யூட்டரில் சரியில்லை என்று ஒதுக்கிய படங்களைத் தோண்டினேன். அலங்காநல்லூர் செல்வியின் மகள், மூன்று வயது, இடுப்புப் படம். ரிஜிஸ்டரில் ஒன்று. கம்ப்யூட்டரில் நான்கு! பிள்ளை அசைந்ததால் மூன்று கலங்கல். கலங்கிய படத்தை எழுதும் வழக்கமே இங்கே இல்லையாம். படம்தானே வீண்? கதிர் பிள்ளை உடம்புக்குள்தானே போனது?

போன மாதம் செல்வி பயந்துபோய்க் கேட்டபோது, "ஒரே படம்தாம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவள் நான். ரிஜிஸ்டரை நம்பி. வெட்கமாக இருக்கிறது.

மேனேஜர்: "இன்ஸ்பெக்‌ஷன் வருது மேடம். ரிஜிஸ்டர்ல உள்ளபடி போட்டு முடிங்க." முடியாது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமாம், அதுவும் என் கையால்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். பால்.

மே 8, வியாழன்

செல்வி பிள்ளையோடு வந்தாள். உட்காரவைத்து, நான்கு தடவை எடுத்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"என் தப்புதேன் யக்கா. பாப்பா உதறிக்கிட்டே இருந்துச்சு. அம்புட்டு நேரமும் நாந்தேன் கூட நின்னு காலைப் பிடிச்சேன். சரியாப் பிடிக்கல போல."

"கதிர் படாம இருக்க உங்களுக்குக் கனமா ஒரு ஈய ஏப்ரன் மாட்டிவிட்டாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் தரல யக்கா."

நான்கு தடவையும் வெறும் சேலையோடு உள்ளே நின்றிருக்கிறாள். நான் போட்ட கணக்கு எதிலும் இவள் இல்லை.