ஐந்தாம் வகுப்போடு நின்ற காரணம்

நவம்பர் 25, செவ்வாய்
விடிய முதலே மழை. முழங்கால் குத்து.
மூத்த பேரன் இங்கே கனடாவில், பிறம்ரனில் லொறிக் கொம்பனி மனேஜர். இளையவன் பல் வைத்தியம், மூன்றாம் வருடம். சின்ன மகனின் பெட்டைப் பிள்ளைக்கு நீச்சலில் மெடல். மகளின் மகள் கஜி பட்டம் எடுத்தாயிற்று, இனி மேற்படிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வயிற்று வழி இவ்வளவும். பெருமைதான். சொல்லத்தான் களைப்பு.

பி.ப. 4க்குக் கஜி தாயோடு வந்தாள். மேற்படிப்பு விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் வைக்க வேண்டுமாம். எப்படிப்பட்ட குடும்பம், என்ன கஷ்டத்தைத் தாண்டி வந்தது என்று. ஞாயிறு கடைசி நாள்.
"டைவேர்சிற்றி ஸ்ரேற்மன்ற் அம்மம்மா. முழுக்க உங்களைப் பற்றித்தான்."
தமிழில் சொல்லிக் காட்டினாள். வறுமையால் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட பெண்ணின் பேத்தி நான், என்று தொடக்கம். மகள் கண்ணைத் துடைத்தாள். நான் தேத்தண்ணி போட எழும்பிவிட்டேன்.

26, புதன்
வாங்க: உழுத்தம்மா, வல்லாரை, முழங்காலுக்கு எண்ணெய்.
நித்திரை சரியில்லை.
வறுமை என்று பிள்ளைகளுக்குச் சொன்னது நான். பொய். வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் புதுத் தலைமை வாத்தியார் வந்தார். சாதி குறைவென்று நிலத்தில் இருத்திய பிள்ளைகளை எங்களோடு வாங்குப் பலகையில் ஏற்றி இருத்தினார். அவர்களில் செல்லம் என்றவள் எனக்குப் பக்கத்தில். மூன்றாம் நாள் என் தகப்பனார், அப்பு, வந்து என் சிலேற்றைத் தூக்கினார். "உதுகளோட ஒரே வாங்கிலயோ? படிச்சது காணும், நட."
நான் அழவில்லை. அந்த இரண்டு நாளும் செல்லத்தை முழங்கையால் இடித்து இடித்து வாங்கின் நுனிக்குத் தள்ளினதும் நான்தான். அதை அப்பு சொல்லித் தரவில்லை.

28, வெள்ளி
முழங்கால் குளிசை போட்டேனா, ஞாபகமில்லை.
கஜிக்கு போன். பஸ்ஸில் நின்றாள்.
"பிள்ளை, கடிதத்தில ஒண்டு பிழை."
"ஸ்பெல்லிங்கா?"
"நான் சொன்னது பிழை."
எல்லாம் சொன்னேன்.
"வெயிற். அப்ப தள்ளினது நாங்களா?"
"ஓம்."
"ஞாயிறு டியூ, அம்மம்மா! இப்பவா சொல்லுறீங்கள்?"
"ஞாயிறுக்குப் பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?"
வைத்துவிட்டாள்.
பிறகு மகள் எடுத்தாள். "உங்களுக்கென்னம்மா விசரா? ஆர் கேட்டது? வெள்ளைக்காரனுக்கு உது விளங்குமோ? அவன் வாசிச்சு அழுதிட்டு இடத்தைக் குடுத்திருப்பான்."
குடுத்திருப்பான்தான்.

30, ஞாயிறு
முதல் பனி. புட்டு அவித்தேன். ஞாயிறு தவறாமல் வருகிற கஜி வரவில்லை. பாதிப் புட்டு பிரிட்ஜில்.
பி.ப. 5, அவளின் குரல் செய்தி.
"மாத்தி எழுதி அனுப்பிட்டன். நீங்கள் சொன்னதைத்தான் எழுதினன். உங்கட பேர் போடேல்ல, செல்லத்தின்ர பேர் போட்டிருக்கிறன். அவ பிறகு படிச்சவவா, அம்மம்மா?"
மூன்று தரம் கேட்டேன். கோபமா, களைப்பா, குரலில் பிடிபடவில்லை. இடம் கிடைக்காவிட்டால் என்னால்தான்.
செல்லம் படித்தாளோ தெரியாது. அறுபத்தைந்து வருடம், ஒருவரிடமும் விசாரித்ததில்லை. அப்படியே குரலில் அனுப்பினேன். "தெரியாது பிள்ளை. நான் கேக்கேல்ல."
கேட்டுவிட்டாள் என்று போனில் நீலச் சரி விழுந்தது.
இன்னொன்று அனுப்பினேன். "முகத்தைப் பாக்கவேணும் போல கிடக்கு. குடும்பக் குறூப்பில உன்ர பழைய படந்தானே கிடக்கு. புதுசா ஒண்டு எடுத்துப் போடு. சிரிக்காட்டிலும் பரவாயில்லை."