அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு வால்

அக்டோபர் 14, 2024
குழந்தை பிறந்து பத்து நாள். தீட்டு என்பதால் மூலையில் கோரைப்பாயில்தான் எனக்கும் மகளுக்கும் படுக்கை. முப்பது நாள் கட்டிலைத் தொடக்கூடாது. இன்று பால் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு கறுப்பு வால் நழுவிப் போனது. வெள்ளைக் கோடுகள் இருந்தன. இருந்தனவா?

கரும்பு ஆலையில் இரவு வேலை முடித்து வந்த கணவரிடம் சொன்னேன். "எலி திங்க வந்த சாரையா இருக்கும், நிர்மலா." சாரைக்குக் கோடு ஏது?

அக்டோபர் 15
தூக்கமில்லை.

அக்டோபர் 16
மூட்டைக்குப் பின்னால் பாம்புச் சட்டை. நான் எடுப்பதற்குள் அத்தை எடுத்து, மஞ்சள் தடவி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "பேத்தியப் பாக்கக் கொலசாமி வந்துகீது. அதப் போயி வெரட்டுவியா?"

சாமிக்கு என் பிள்ளை படுக்கிற மூலைதானா கிடைத்தது? அழுது அத்தையின் கட்டிலைக் கேட்டேன். வீட்டில் இருப்பது அது ஒன்றுதான்.

"பச்ச ஒடம்புக்காரி கட்டில்ல படுப்பியா? இன்னா பேச்சு இது?"

அக்டோபர் 17
அத்தை குளிக்கப் போன நேரத்தில் சட்டையைப் படமெடுத்து, சின்னசேலத்தில் பாம்பு பிடிக்கும் வீரமுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நடு முதுகுல செதிலு மத்ததவிடப் பெருசா, ஆறு மூலையா இருக்குது பாரும்மா. கட்டுவிரியன். கடிச்சா வலியே தெரியாது. வயிறு வலிக்கும், இமையத் தூக்க முடியாது. தரையில மட்டும் படுக்காதீங்க. நாளைக்கு வரேன்."

அத்தை ஈரத்தலையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் கட்டிலை இழுத்து வந்து என் மூலையில் போட்டார். "தீட்டுன்னா தண்ணி ஊத்திக் கழுவிக்கலாம். ஏறிப் படு."

எனக்கு வந்த நிம்மதியில், அவர் எங்கே படுப்பார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அக்டோபர் 18
காலையில் அத்தைக்கு வயிற்று வலி. வாயு என்று பெருங்காயம் கரைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார் — இமை பாதிதான் திறந்தது. ராத்திரி என் கோரைப்பாயில் படுத்திருக்கிறார். ஐயோ, நான் இன்னா பண்ணிட்டேன்! கடித்த தடம்கூட இல்லை. அவர் நம்பவில்லை. நான்தான் கத்தி ஆம்புலன்ஸ் வரவழைத்தேன். "கட்டுவிரியன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினேன்.

மதியம் வீரமுத்து அண்ணன் சுவர் ஓட்டையிலிருந்து அதைப் பிடித்தார். கறுப்பு. இரட்டை இரட்டையாக மெல்லிய வெள்ளைக் கோடுகள். என் கண் பொய் சொல்லவில்லை. என்ன பிரயோசனம்?

அக்டோபர் 20
கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய். கண் திறக்கவில்லையாம். கட்டிலைக் கேட்டவள் நான்தானே? அத்த, கண்ணத் தொறங்க.

அக்டோபர் 22
விரல் அசைந்ததாம்.

அக்டோபர் 28
அத்தை வந்துவிட்டார். குரல் இன்னும் கட்டியிருக்கிறது. படுக்கக் கோரைப்பாயைக் கேட்டார். எரித்துவிட்டேன் என்றேன். கட்டிலில் குழந்தையோடு நான். தீட்டுக் கழிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். "நவுந்து படுடி" என்றார்.