பஞ்சு போனதைப் பாப்பாவிடம் சொல்லும் விதம்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். விடிந்ததும் பஞ்சுவைத் தோட்டத்தில் புதைத்துவிட்டேன். வேறு கோழியென்றால் மழைக்கு ஒதுங்கியிருக்கும்; பஞ்சுபோல் இறகுள்ள நம் பட்டுக்கோழி பாப்பாவின் பந்தை முட்டையென்று அடைகாத்தபடி நனைந்தே செத்திருக்கிறது. நேற்றைய சண்டையில், கூண்டுக்குள் நீங்கள் விடுவீர்கள் என்று நான் இருந்துவிட்டேன், நான் விடுவேன் என்று நீங்கள்.

பாப்பா எழுந்ததும் கூண்டுக்குத்தான் ஓடுவாள். அதற்குள், "அம்மாதான்டா மறந்துட்டா" என்று சொல்லிவிடுங்கள். என்னோடு சண்டையாவது போடுவாள். உங்கள்மேல் கோபம் வந்தால் பேசவே மாட்டாள்.

மறந்துவிட்டேனே: இன்னொரு கோழி கறுப்பி, கண்ணை மறைக்கும் கொண்டையோடு துணையைத் தேடி முட்டிமோதுகிறது. உங்கள் மடியில் கொஞ்சநேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கூப்பிட்டேன், என்னிடம் வரவில்லை.