தோற்றதைத் தோற்றதாகத்தான் சொன்னேன்

மாப்ள,

போன வெள்ளிக்கிழமை தொழில்பேட்டையில் அந்தப் பழைய துணிக் கடை வழியாகப் போனேன். தரையில் பாலிதீன் விரித்து மலையாகக் கொட்டி வைத்திருப்பானே, அதே கடைதான். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. பீகார்க்காரர் ஒருவர் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஜெர்சியைத் தூக்கிப் பிடித்து, "பாய், அர்ஜென்டினா ஹை நா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரன் வழக்கம்போல் "ஹான், ஹான்" என்று ஆமாம் போட்டான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. நடுவில் புகுந்து, பொய் சொல்லி விற்காதே, அது அர்ஜென்டினா இல்லை என்று கத்திவிட்டேன். பீகார்க்காரர் சட்டையைத் திருப்பி நெஞ்சிலிருந்த முத்திரையைக் காட்டினார். அசல் அர்ஜென்டினாதான். நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பாய்.

நீ போன வருஷம் ஜூலையில் அதே கடையில் வாங்கியதுதான் அர்ஜென்டினா இல்லை. நம் கேம்ப் ரூமில் ஆறு பேரில் ஐந்து பேர் கால்பந்தில் அர்ஜென்டினா பக்கம், சுவரில் கொடி, கட்டிலில் ஸ்டிக்கர். கபடி தவிர ஒன்றும் தெரியாத நீயும் கூட்டத்தோடு சேர ஆசைப்பட்டு ஒரு ஜெர்சி வாங்கி, துவைக்காமலேயே போட்டுக்கொண்டு வந்து நின்றாய். கீழ்க் கட்டில் ஷாஜி முத்திரையை உற்றுப் பார்த்தான். மலப்புறத்துக்காரனுக்குப் பந்து விஷயத்தில் கண் தப்பாது. போனில் தேடி எடுத்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு பக்கத்து ரூம் வரை கேட்டது. "எடா, இது ஸ்காட்லாண்டுல ஏதோ குஞ்ஞு டீமாக்கும்! கில்டாரனாம். நாலாம் டிவிஷன்!"

நானும்தான் சிரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. "விடுறா, ஒர்க்‌ஷாப்புல கை தொடைக்க ஆகும்" என்றேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டாய்.

"வாங்கிட்டேன்ல. இனிமே இதுதான் என் டீமு" என்றாய்.

வீம்புக்குச் சொல்கிறாய், இரண்டு நாளில் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். அடுத்த நாள் நான் லாரிக்கு அடியில் படுத்து நசுங்கலைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது நீ வந்து குனிந்து, "அந்த டீமு எப்ப ஆடும்னு பாத்துச் சொல்லு" என்றாய். உன் முகத்தில் மாஸ்க், கையில் பெயின்ட் கன். நீ எட்டாவதோடு நின்று கல்ஃபுக்குப் பெயின்டராக வந்தவன். நான் டிப்ளமோவைப் பாதியில் விட்டவன், ஆனால் ஆங்கிலம் வாசிப்பேன். அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

வாசித்துச் சொன்னேன். ஸ்காட்லாண்டில் நான்கு டிவிஷன், மொத்தம் நாற்பத்திரண்டு டீம். நம்முடையது கடைசி டிவிஷன். அதிலும் கடைசி இடத்தில் முடித்தால், வெளியே காத்திருக்கும் ஒரு டீமோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். இரண்டு ஆட்டக் கோலையும் கூட்டிப் பார்த்துத் தோற்றால் தொழில்முறை ஆட்டத்தை விட்டே வெளியே போக வேண்டியதுதான். நீ கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாம கடைசியா வராம இருக்கணும். அவ்வளவுதானே? பாத்துக்கலாம்" என்றாய். என்னவோ நீயே போய் ஆடப் போகிற மாதிரி.

ஆகஸ்டில் சீசன் ஆரம்பித்தது. சனிக்கிழமை நமக்கு டியூட்டி முடிவது ஐந்து மணி, அங்கே ஆட்டம் தொடங்குவதும் நம்முடைய ஐந்து மணி. ஒர்க்‌ஷாப்புப் பின்னால் காலி பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். நம் டீமை எந்த டிவிக்காரன் காட்டுவான்? கிளப்பின் இணையப் பக்கத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வரி வரும். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். "இடப் பக்கம் கார்னர், வெளியே அடித்தான்" என்று ஒரு வரி சொன்னால் போதும், அதை வைத்துக்கொண்டு நீ அடுத்த வரி வரும்வரை அவனைத் திட்டுவாய். அக்டோபர் கடைசியில் அவர்கள் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொண்டார்கள், ஆட்டம் நமக்கு ஆறு மணிக்குப் போனது. "பரவால்லடா, நாம குளிச்சுட்டு வரத்தான் டைம் குடுத்துருக்காய்ங்க" என்றாய்.

கோல்கீப்பர் பகலில் குழாய் ரிப்பேர் வேலை பார்ப்பவன் என்று ஒருநாள் வாசித்தேன். நீ எழுந்தே நின்றுவிட்டாய். "டியூட்டி முடிச்சுட்டு வந்து ஆடுறானா? நம்ம ஆளுடா அவன்!" அதற்குப் பிறகு அவன் எத்தனை கோல் விட்டாலும் உன்னிடம் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. காலையிலிருந்து ஸ்பேனர் பிடித்த கை, வலிக்காதா என்று என்னிடமே சண்டைக்கு வருவாய். மைதானத்துக்கு எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று நான் வாசித்தபோது, நம் கேம்ப் மெஸ் கியூவில் அதைவிட அதிகம் பேர் நிற்கிறார்கள் என்று பெருமைப்பட்டாய். ஜனவரியில் தரை உறைந்துபோய் ஆட்டம் நின்ற அன்று, மண்ணு எப்படிடா உறையும் என்று கேட்டாய்.

தோற்றுக்கொண்டேதான் இருந்தோம், மாப்ள. டிசம்பரில் கடைசி இடம். ஷாஜி தினமும் பாயின்ட் டேபிளைத் தலைகீழாகப் பிடித்து, "இப்போ உங்க டீம் ஃபர்ஸ்ட்" என்று காட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள். நீ அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டுதான் மெஸ்ஸுக்கு வருவாய், வேண்டுமென்றே நடு பெஞ்சில் உட்காருவாய்.

அந்த மாதம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அன்றைக்கு உனக்குக் காலெல்லாம் வீங்கியிருந்தது, முகம் ஒரு மாதிரி வெளுத்திருந்தது. நாம் நாலு கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருந்தோம். உன் முகத்தைப் பார்த்து வாசிக்க மனசு வரவில்லை. ஒன்றுக்கு ஒன்று, டிரா என்று சொல்லிவிட்டேன். நீ சந்தோஷமாக எழுந்து போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாய். மறுநாள் காலை பஸ்ஸில் ஷாஜி உண்மையைச் சொல்லிவிட்டான்.

நீ என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுத் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாய்.

"எங்கப்பா செத்து மூணு நாள் கழிச்சு எனக்குச் சொன்னாய்ங்கடா. போன் பண்ணுனா, அப்பா தூங்குறாருன்னாய்ங்க. வெளிநாட்டுல இருக்கவன் மனசு கஷ்டப்படக் கூடாதாம். கொள்ளி வச்சது சித்தப்பா மகன். நான் இங்க அன்னைக்கு ஒரு பஸ்ஸுக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சுக்கிட்டு, பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் தெரியாதா என்ன? இங்கிருந்து நாம் ஊருக்குச் சொல்வது அத்தனையும் பொய். நல்லா இருக்கேன், வேலை கஷ்டமில்லை, ஏசி ரூம், மட்டன் சாப்பிட்டேன். அங்கிருந்து வருவதும் அதே. எல்லாரும் சௌக்கியம், அம்மா கோயிலுக்குப் போயிருக்கு. இரண்டு பக்கமும் பாசத்தில்தான் பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டுகிறோம்.

"எனக்கு இந்த ஒண்ணாவது உள்ளது உள்ளபடி வேணும். தோத்தா தோத்துட்டோம்னு சொல்லு. சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினாய். சோற்றுக் கையோடு சத்தியம் செய்தேன்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் உனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். மார்ச்சில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏர்போர்ட்டுக்கு அந்தக் கோடு போட்ட ஜெர்சியைத்தான் போட்டுக்கொண்டு போனாய். அதற்குப் பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பெயின்ட் டின்னில் உட்கார்ந்து வாசிக்க, நீ புதுக்கோட்டையிலிருந்து போனில் கேட்டாய். குரல் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தது.

நாம் கடைசி இடத்தில்தான் முடித்தோம். மே மாதம் அந்த இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் அவர்கள் ஊரில், இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அடுத்த சனிக்கிழமை நம் மைதானத்தில். அன்றைக்கு நீ ஆஸ்பத்திரியில் டயாலிசிஸில் இருந்தாய், போன் பேச முடியவில்லை. முதல்முறையாக எனக்கு மட்டும் வாசித்துக்கொண்டேன். எண்பத்தெட்டாவது நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது நமக்கு ஒரு பெனால்டி. அடுத்த வரி வருவதற்குள் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் தெரியுமா? வரி வந்தது. கம்பத்தில் பட்டு வெளியே போனது. அவ்வளவுதான், கலாஸ். கில்டாரன் வெளியே.

அரை மணி நேரத்தில் உன் வீட்டுக்காரி போன் பண்ணினாள். அவளுக்கு ரிசல்ட் தெரியாது, ஆனால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணே, நாளைக்குக் காலையில உங்களத்தான் கேப்பாரு. ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லிருங்கண்ணே. டாக்டர் அதிர்ச்சியா எதையும் சொல்லக்கூடாதுன்னுருக்காரு."

"டாக்டர் வேற என்னம்மா சொன்னாரு?"

"ரொம்ப நாள் இல்லன்னு சொல்லிட்டாருண்ணே. அவருக்குத் தெரியாது. நாங்க சரியாயிரும்னுதான் சொல்லி வச்சிருக்கோம்."

ரூமுக்கு வந்து சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஷாஜிகூட என் தோளில் கைவைத்து, "ஜயிச்சுன்னு சொல்லிடு. ஆர்க்கு என்ன நஷ்டம்?" என்றான். வருஷம் முழுக்க உன்னைக் கேலி செய்தவன் அவன். எல்லாரும் ஒரே முடிவில் இருந்தார்கள். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை டீ பிரேக்கில் உன் போன் வந்தது. "என்னடா ஆச்சு?" என்றாய். மூச்சு வாங்கியது உனக்கு. வாய்வரை பொய் தயாராக இருந்தது, மாப்ள. இரண்டுக்குச் சைபர், கோல்கீப்பர் பிரமாதமாக ஆடினான் என்று சொல்ல வார்த்தையெல்லாம் கோத்து வைத்திருந்தேன். உன் அப்பா தூங்குகிறார் என்று சொன்னவர்கள் வரிசையில் நானும் போய் நிற்க வேண்டுமா என்று தோன்றியது.

"தோத்துட்டோம்டா. பெனால்டி கெடச்சுது. கம்பத்துல அடிச்சுட்டான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அப்புறம் நீ சிரித்தது கேட்டது.

"படுபாவி. சரி, அடுத்த சீசன் எப்ப ஆரம்பம்?"

"நாம வெளிய போயிட்டோம்டா."

"வெளியன்னா ஆட மாட்டாய்ங்களா? ஆடுவாய்ங்கல்ல? எப்பன்னு பாத்துச் சொல்லு."

ஜூலை கடைசி என்று பார்த்துச் சொன்னேன். நீ பதினோரு நாளில் போய்விட்டாய். எனக்கு லீவு கிடைக்கவில்லை, காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. ஆனால் பேச்சு மட்டும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. உன் மச்சினன் காரிய வீட்டில் எல்லார் முன்னாலும், "அந்தாளு தோத்துப் போச்சுன்னு சொன்ன அன்னைக்கே மச்சான் மனசு உடைஞ்சிருச்சு, சொல்லியே கொன்னுட்டான்" என்றானாம். கேம்ப்பிலும் அதையே நம்பினவர்கள் உண்டு. என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள்.

ஆகஸ்டில் லீவில் வந்தபோது நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். ஒளிந்துகொண்டு திரிய நான் என்ன திருடனா? உன் மச்சினன் வாசலிலேயே நின்றான். "வாங்க"கூடச் சொல்லவில்லை. "ஒரு பொய் சொல்லிருந்தா உங்களுக்கு என்னண்ணே கொறஞ்சிருக்கும்?" என்றான். அது நீ கேட்டு வாங்கின சத்தியம், அவனுக்கு எப்படிப் புரிய வைப்பேன் என்று நிற்கும்போதே, உன் வீட்டுக்காரி உள்ளேயிருந்து வந்தாள். தம்பியைப் பார்த்து, நீ கொஞ்சம் சும்மா இரு என்றாள். அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னாள்.

"அன்னைக்கு உங்ககிட்டப் பேசி வச்சுட்டு என்னையக் கூப்புட்டாருண்ணே. அவன் உண்மையச் சொல்லிட்டான், இப்ப நீ சொல்லு, டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டாரு. என்னால மறைக்க முடியல. சொல்லிட்டேன். அழுகல. பெரியவளையும் சின்னவனையும் கூட்டியாரச் சொன்னாரு. மூணு நாளு ரெண்டு பேர்கிட்டயும் மாறி மாறிப் பேசுனாரு. எங்கிட்டயும்தான். கல்யாணம் ஆயி பன்னெண்டு வருசத்துல அவ்வளவு பேசுனதே இல்லண்ணே. இல்லன்னா அவங்கப்பா மாதிரியே ஒண்ணும் சொல்லாமப் போயிருப்பாரு."

உன் மச்சினன் உள்ளே போய்விட்டான். நான் அவள் கொடுத்த காபியைக் குடிக்க முடியாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

இன்னமும் என்னைக் குற்றம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். மறுபடி அந்த டீ பிரேக் வந்தாலும் அதையேதான் சொல்வேன். இப்போது என் வீட்டுக்காரி போனில் நல்லா இருக்கீங்களா என்று கேட்டால், முதுகு வலி நிமிர விடவில்லை என்கிறேன். முதலில் பயந்தாள், சண்டை போட்டாள். போன வாரம் அவளாகவே, எனக்கும் ஒரு மாசமா நெஞ்சுப் பக்கம் வலிக்குது, சொல்ல வேண்டாம்னு இருந்தேன் என்றாள். அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னேன். போயிருக்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள். அவளுக்கு ஏதாவது என்றால் எனக்கு அன்றைக்கே தெரியும், மூன்று நாள் கழித்து இல்லை.

நம் டீம் இப்போது நாற்பத்திரண்டிலும் இல்லை. ஷாஜியின் போனில் அதற்கு டேபிளே வருவதில்லை. அவன் பாவம், தலைகீழாகப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்ன ஸ்கோர் என்று கேட்கிறான். குழாய் ரிப்பேர்க்காரன் வேறு டீமுக்குப் போகவில்லை, நம் கோலிலேயேதான் நிற்கிறான்.

நேற்றும் ஆட்டம் இருந்தது, மாப்ள. மூன்றுக்கு ஒன்று. தோற்றுவிட்டோம். ஆனால் அந்த ஒன்று நல்ல கோல்.